வீட்டிலிருந்தே குணமாகும் காசநோய்: சேத்துப்பட்டு ஆய்வு உரைத்த உண்மை

(விழாவில் ஆற்றிய சிறப்புரையின் எழுத்து வடிவம்)



1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், சென்னை சேத்துப்பட்டில் ஒரு வீட்டில், 32 வயது நிரம்பிய ஓர் இளைஞர் உயிர் நீத்தார். கணித மேதை சீனிவாச இராமானுசன்தான் அவர். 1914இல் இங்கிலாந்து சென்றவர், 1917இல் நோயுற்றார். மருத்துவர்கள் பலரும் அதைக் க்ஷயரோகம் என்றே கருதினர். அந்நாளில் அந்நோய்க்கு மருந்து இல்லை. தூய காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு ஆகிய மூன்றுமே சிகிச்சை. சன்னல்களைத் திறந்துபோட்டு நோயாளியைக் குளிர்காற்றில் கிடத்துவது அக்கால சானடோரியங்களின் வழக்கம். புலால் உண்ணாதவரும், கேம்பிரிட்ஜில் தம் கையாலேயே சமைத்து உண்டு வந்தவருமான இராமானுசனைக் குளிரும் உணவும் சேர்ந்தே வாட்டின.

அவர் தங்கியிருந்த சானடோரியங்களுள் ஒன்று இங்கிலாந்தின் மெண்டிப் மலைப் பகுதியில் இருந்தது. அதை நடத்தி வந்தவர் டாக்டர் சவுரி முத்து என்னும் இந்திய மருத்துவர். பின்னாளில் தாயகம் திரும்பிய அவரே, 1928இல் தாம்பரத்துக்கு அருகில் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். சென்னையில் மின்சார ரயிலில் செல்வோர் நாள்தோறும் செவிமடுக்கும் ‘தாம்பரம் சானடோரியம்’ என்னும் நிலையப் பெயர் அதன் வழி வந்ததேயாகும்.

இராமானுசனுக்கு உண்மையில் வந்தது காசநோய்தானா என்னும் ஐயம் பிற்காலத்தில் எழுந்தது. டி. ஏ. பி. யங் என்னும் ஆய்வாளர், கிடைத்த குறிப்புகளையெல்லாம் ஆராய்ந்து, இளமையில் வந்துபோன சீதபேதியின் எச்சமாகிய அமீபாக்கள் கல்லீரலில் தங்கி விளைத்த நோயாக அது இருந்திருக்கலாம் என்று 1994இல் எழுதினார். அவ்வாறாயின், அது அன்றைய மருத்துவத்தாலேயே குணப்படுத்தத் தக்கதாக இருந்த நோய். மாமேதை ஒருவருக்குத் தவறான நோய்ப்பெயர் சூட்டப்பட்டு, இல்லாத நோய்க்காக அவர் குளிரில் கிடத்தப்பட்டார் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. காய்ச்சலும் எடை இழப்பும் கண்டவுடன் காசநோய் என்று துணிவதும் பிழை. இருமல் இல்லை என்பதால் காசநோய் இல்லை என்று விடுவதும் பிழை. நிணநீர்க் கட்டி, முதுகெலும்பு, குடல், மூளையுறை, கண் என எவ்வுறுப்பிலும் இக்கிருமி குடிபுகும். நோய் எது என்று சோதித்து உறுதி செய்வதே மருத்துவத்தின் முதற்படி.

அக்கிருமியைக் கண்டறிந்ததாக ராபர்ட் காக் பெர்லின் நகரில் அறிவித்த நாள் 1882 மார்ச் 24. அந்நாளே இன்று உலகக் காசநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. கிருமி தெரிந்தும் அதை வெல்லும் மருந்து வர அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அதற்குக் காரணம் கிருமியின் இயல்பிலேயே உள்ளது. குடலில் வாழும் சாதாரண பாக்டீரியா ஒன்று ஏறத்தாழ 20 நிமிடங்களில் இரண்டாகப் பெருகும். காசநோய்க் கிருமியோ அதற்கு ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். அதன் மேல் மெழுகு போன்ற தடித்த கவசம் ஒன்றுண்டு. சில கிருமிகள் பெருகாமல், உறங்குவனபோல் மாதக்கணக்கில் பதுங்கிக் கிடக்கும். பெரும்பாலான மருந்துகள் பெருகிக்கொண்டிருக்கும் கிருமியையே எளிதில் கொல்லும். உறங்குவதை அவ்வளவு எளிதில் தீண்டா. பிற தொற்றுகளுக்கு ஐந்தாறு நாள் மாத்திரை போதுமாக இருக்க, இந்நோய்க்கு மட்டும் ஆறு மாதம் ஏன் என்று வினவுவோர்க்கு விடை இதுவே.

1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்னும் இளம் மாணவர் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஸ்டிரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். போரினால் நலிந்திருந்த பிரிட்டனுக்கு அம்மருந்து மிகச் சிறிதளவே கிடைத்தது. எல்லார்க்கும் தர இயலாத நிலையில், யாருக்குத் தருவது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து, அதையே முறையான ஆய்வாகவும் ஆக்கினர். 107 நோயாளிகளுள் 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் மருந்து பெற்றோரில் 4 பேரும், பெறாதோரில் 14 பேரும் இறந்தனர். உலகமே மகிழ்ந்தது. ஆனால் ஐந்து ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது, மருந்து பெற்றோரில் 32 பேரும் பெறாதோரில் 35 பேரும் மறைந்திருந்தனர். இடையில் நிகழ்ந்தது என்ன? நோயாளிகளின் உடலிலிருந்த கிருமிகள் அம்மருந்துக்கு அடங்காதவையாக மாறிவிட்டன.

மருந்து உடலுக்கு ஒவ்வாமற் போவதும் உண்டு. ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லுக்கு 1948இல், ஸ்காட்லாந்தின் ஹேர்மயர்ஸ் மருத்துவமனையில், அமெரிக்காவிலிருந்து தனியே தருவித்த ஸ்டிரெப்டோமைசின் ஊசி போடப்பட்டது. சில வாரங்களில் தோல் உரிந்தது; வாயில் புண்கள் தோன்றின; முடி கொட்டியது; நகங்கள் சிதைந்தன. ஏறத்தாழ 50 நாட்களில் மருந்தை நிறுத்த நேர்ந்தது. எஞ்சிய மருந்து வேறு நோயாளிகளுக்கு வழங்கப்பட்டு அவர்களுக்குப் பயன் தந்ததாகக் கூறுவர். ஆர்வெல் தம் புகழ்பெற்ற கடைசி நாவலை நோயோடு போராடியே முடித்து, 1950 சனவரி 21இல் காலமானார். அவருக்குக் கொடுக்க அன்று வேறு மருந்து கையிருப்பில் பெரிதாக இல்லை. இரண்டே ஆண்டுகள் கழிந்திருந்தால் நிலைமை வேறு.

அந்த வேறுபாட்டை உண்டாக்கிய மருந்து ஐசோனயசிட். 1912இலேயே பிராக் நகரில் இரு வேதியியலார் அதை உருவாக்கி, அதன் பயன் அறியாமல் விட்டுவிட்டனர். நாற்பது ஆண்டுகள் அப்பொருள் ஏட்டில் உறங்கியது. 1952இல் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் சாகும் நிலையிலிருந்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அவர்கள் எழுந்து நடமாடினர், வயிறார உண்டனர். பழைய பொருளாதலின் எவரும் அதற்குத் தனியுரிமை கொண்டாட இயலவில்லை. ஆகவே அது ஏழைக்கும் எட்டும் விலையில் வந்தது.

ஆயினும் அதுவும் தனித்து நின்றால் தோற்றிருக்கும். நுரையீரலில் விழுந்த ஒரு குழியில் கிருமிகள் பத்துக் கோடி அளவில் இருக்கலாம். ஏறத்தாழ பத்து இலட்சத்தில் ஒரு கிருமி, இயல்பான மாற்றத்தால், ஐசோனயசிட்டுக்கு அடங்காததாக இருக்கும். அப்படியானால் அக்குழியில் நூறு கிருமிகள் மருந்து தொடங்குமுன்பே தப்பிவிட்டன. மற்றவை மடிய, இந்நூறும் பெருகி இடத்தை நிரப்பும். இரண்டு மருந்துகளை ஒருசேரக் கொடுத்தாலோ, இரண்டுக்கும் அடங்காத கிருமி இலட்சம் கோடியில் ஒன்றுதான். அத்தனை கிருமி எவருடைய உடலிலும் இராது. கூட்டு மருந்து என்பதன் சூட்சுமம் இந்த எளிய கணக்கே. மாத்திரைகளுள் பெரியது ஒன்றை மட்டும் விழுங்க முடியவில்லை என்று ஒதுக்கிவிடும் நோயாளி, தம்மை அறியாமலே இக்கணக்கைக் குலைக்கிறார்.

இந்நிலையில்தான் இந்தியாவின் முன் பெரிய வினா ஒன்று நின்றது. மருந்து வந்துவிட்டது, எங்கு வைத்துக் கொடுப்பது? நோயாளிகள் இலட்சக்கணக்கில், சானடோரியப் படுக்கைகள் சில ஆயிரங்களே. மேலைநாட்டு மருத்துவர்கள் பலர், நல்ல உணவும் முழு ஓய்வும் காற்றோட்டமும் இல்லாத குடிசையில் வைத்துக் கொடுத்தால் மருந்து பலிக்காது என்று கருதினர். நோயாளியை வீட்டில் வைத்தால் குடும்பத்தார்க்குப் பரவும் என்ற அச்சமும் இருந்தது. அது உண்மையாயின், படுக்கை கிடைக்காத ஏழைகள் அனைவரும் இறக்க வேண்டியவர்களே.

வினாவுக்கு விடை காண, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கூடி, 1956இல் ஒரு நடுவத்தை நிறுவின. அமைந்த இடம் சேத்துப்பட்டு. இராமானுசன் மறைந்த அதே சேத்துப்பட்டு. பொறுப்பேற்றவர் வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர். சென்னை நகரின் ஏழை நோயாளிகள் 193 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதை மருத்துவரின் விருப்பமோ நோயாளியின் விருப்பமோ தீர்மானிக்கவில்லை, குலுக்கலே தீர்மானித்தது. இரு சாராருக்கும் ஒரே மருந்து: ஐசோனயசிட்டும் பி.ஏ.எஸ். என்னும் மருந்தும், ஓராண்டு முழுவதும்.

வீட்டுக் குழுவினரின் வாழ்க்கையை எண்ணிப் பார்க்க வேண்டும். நெருக்கமான சிறு வீடுகள். ஓய்வெடுங்கள் என்று மருத்துவர் கூறினாலும், உழைக்காவிடில் உலை கொதிக்காது. உணவோ, சானடோரியத்தில் பரிமாறப்பட்டதைவிட மிகக் குறைவு. பி.ஏ.எஸ். நாள்தோறும் பல கிராம் விழுங்க வேண்டிய மருந்து; வயிற்றைப் புரட்டும். எனவே நோயாளி மருந்தை உண்மையில் உட்கொள்கிறாரா என்பதை அறிய நடுவத்தார் பெருமுயற்சி எடுத்தனர். சொல்லாமல் வீட்டுக்குச் சென்று எஞ்சிய மருந்தை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். வராதவரைத் தேடிச் சென்றனர், குடும்பத்தாரிடம் பேசினர். உலகம் இன்று ‘நேரடிக் கண்காணிப்பு’ என்று வழங்கும் முறையின் வித்துகளுள் ஒன்று அத்தெருக்களில் விழுந்ததுதான். அத்தெருக்களில் ஏறி இறங்கிய செவிலியர், சமூகப் பணியாளர் எவர் பெயரும் பொதுமக்கள் நினைவில் இல்லை என்பது குறையே.

ஓராண்டு நிறைவில் வீட்டுக் குழுவில் 86 விழுக்காட்டினர்க்கும், சானடோரியக் குழுவில் 92 விழுக்காட்டினர்க்கும் கிருமி அடங்கியிருந்தது. இவ்வேறுபாடு மிகச் சிறிது. ஐந்தாண்டுகள் தொடர்ந்து கண்காணித்தபோது அதுவும் மறைந்து, இரு குழுக்களும் ஏறத்தாழ ஒன்றாயின. நல்ல உணவும் மெத்தையும் ஓய்வும் பெற்றவர்க்கும், குடிசையில் கிடந்து உழைத்தவர்க்கும் மருந்து ஒன்றுபோலவே பலித்தது. அதைவிட வியப்பானது, குடும்பத்தாரைப் பற்றிய கண்டறிவு. வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்ததால் உடன் வாழ்ந்தோர்க்கு நோய் மிகுதியாகப் பரவவில்லை. மருந்து தொடங்கியபின் நோயாளியிடமிருந்து பரவுதல் விரைவில் குன்றிவிடுகிறது. பரவியதில் பெரும்பகுதி, நோய் இன்னதென்று அறியுமுன் இருமிக்கொண்டிருந்த நாட்களிலேயே நிகழ்ந்துவிடுகிறது. முடிவுகள் 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளிவந்தன. 1962இல் இந்தியா தன் தேசியக் காசநோய்த் திட்டத்தை, வீட்டிலிருந்தே சிகிச்சை என்னும் அடித்தளத்தின் மேல் தொடங்கியது. மேலைநாட்டுச் சானடோரியங்களும் காலப்போக்கில் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சென்னைக் குடிசைகள் உலகுக்குப் பாடம் கற்பித்தன என்று கூறினால் அது புனைந்துரையன்று.

அந்நாளில் காசநோயாளிக்கு முட்டையும் இறைச்சிச் சாறும் இன்றியமையாதவை என்று வற்புறுத்தப்பட்டதைக் கேட்டிருக்கும் முதியோர் இவ்வவையிலும் இருக்கக்கூடும். புலால் மறுத்த குடும்பங்களில் அது எத்தனை மனப்போராட்டத்தை விளைத்திருக்கும்! சேத்துப்பட்டு ஆய்வு, கிருமியை ஒழிப்பது மருந்தே என்று காட்டி அப்போராட்டத்துக்கு ஒரு விடை தந்தது. ஆனால், உணவு ஒரு பொருட்டே அன்று என்று அதைப் பொருள்கொண்டவர்களும் உண்டு. அது தவறு என்பதை அண்மைய ஆய்வு ஒன்று தெளிவாக்கியது.

ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில், 2019 முதல், 2,800 நோயாளிகளின் குடும்பத்தினர் 10,345 பேரைக் கொண்டு அவ்வாய்வு நடந்தது. நோயாளிகள் அனைவர்க்கும் உணவுப் பை அளிக்கப்பட்டது. குடும்பத்தாருள் ஒரு பாதியினர்க்கே மாதந்தோறும் அரிசியும் பருப்பும் கூடுதலாக அளிக்கப்பட்டன. அவ்வாறு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. பிறர்க்குப் பரவக்கூடிய நுரையீரல் காசநோயோ 48 விழுக்காடு குறைந்தது. நோயாளிகளைப் பொறுத்தவரை, முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறியவர்கள் இறப்பிலிருந்து பெரிதும் தப்பினர். 2023இல் வெளிவந்த இம்முடிவு, மருந்து குணப்படுத்தும், பசி மீண்டும் நோயை அழைத்து வரும் என்பதைக் கணக்கிட்டுக் காட்டியது. நோயாளிக்கு அளித்த பையில் இருந்தவை அரிசி, பருப்பு வகை, பால் பொடி, எண்ணெய். முட்டையும் இறைச்சியும் அதில் இல்லை. ஊட்டம் வேண்டும், அது சைவ உணவிலேயே கிடைக்கும். நோயாளியின் உணவுக்கென மைய அரசு மாதம் 500 ரூபாய் அளித்து வந்ததை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறது.

இன்று வழக்கிலுள்ள சிகிச்சையில் ஐசோனயசிட், ரிபாம்பிசின், பைராசினமைடு, எத்தாம்புட்டால் ஆகிய நான்கும் முதல் இரு மாதங்கள். பைராசினமைடு நீங்கலாக ஏனைய மூன்றும் அடுத்த நான்கு மாதங்கள். ரிபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். இரத்தம் என்று அஞ்சி மருந்தை நிறுத்திவிட்டவர்கள் உண்டு. அது மருந்தின் நிறமே, அஞ்ச வேண்டியதில்லை. கண் மஞ்சளாவது, வாந்தி நில்லாமல் வருவது, பார்வை மங்குவது ஆகியன தோன்றினால் மட்டும் மருத்துவரிடம் உடனே செல்ல வேண்டும்.

பெரிய இடர் வேறொன்று. இரண்டு மாதத்தில் இருமல் நின்று, பசி எடுத்து, முகம் தெளிந்துவிடும். ‘இனி எதற்கு மருந்து?’ என்னும் எண்ணம் அப்போதுதான் தோன்றும். உறங்கும் கிருமிகள் எஞ்சியிருக்கும் காலமும் அதுவே. இடையில் நிறுத்தி மீண்டும் நோயுற்றவர்களுள் சிலருக்கு, ஐசோனயசிட்டும் ரிபாம்பிசினும் பலிக்காத கொடிய வகை உண்டாகிறது. முன்பு அதற்குச் சிகிச்சை பதினெட்டு மாதம், இரண்டு ஆண்டு என நீண்டது. அன்றாட ஊசிகள் சிலருடைய செவிப்புலனையே பறித்தன. 2012இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பெடாக்குலின் என்னும் மருந்து, கிருமி தனக்கு வேண்டிய ஆற்றலை உண்டாக்கும் பொறியையே முடக்கி, இத்துயரைப் பெரிதும் தணித்தது. அதன் தனியுரிமையை நீட்டிக்க நிறுவனம் விண்ணப்பித்தபோது, எதிர்த்து வழக்காடியவர்கள் நோயிலிருந்து மீண்ட இரு பெண்கள்: ஒருவர் இந்தியர், மற்றவர் தென்னாப்பிரிக்கர்; இருவரும் பழைய மருந்துகளால் செவித்திறன் இழந்தவர்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் அவ்விண்ணப்பத்தை மறுத்தது.

சேத்துப்பட்டு ஆய்வு வீட்டை ஏற்றது என்பதால் எல்லார்க்கும் வீடே போதும் என்பதன்று. காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி, நோய் கண்ட முதல் இரு மாதங்களுக்குள் நிகழ்கிறது. 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ இதனை முன்னிட்டுத் தொடங்கியது. நோய் உறுதியானவுடன், நோயாளியின் எடையும் உயரமும் அளக்கப்படுகின்றன. மூச்சின் வேகமும் உயிர்வளி அளவும் பார்க்கப்படுகின்றன. பிறர் துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா, கால்களில் வீக்கம் உண்டா என்று நோக்குகின்றனர். மிகவும் மெலிந்தவரும் மூச்சுத் திணறுபவரும் நிற்க இயலாதவரும் மருத்துவமனையில் சேர்க்கப்படுகின்றனர். ஏனையோர்க்கு வீட்டிலேயே சிகிச்சை. ஒரு துலாக்கோலும் ஓர் அளவுகோலும் ஒரு சிறு விரல்மாட்டிக் கருவியும் போதும் இச்சோதனைக்கு.

இத்துணை அறிவும் வந்த பிறகும், நோய் மறைக்கப்படுகிறது. மகளுக்கு வரன் பார்க்கும் காலம் என்று மருத்துவரிடம் செல்வதையே தள்ளிப்போடுகிறார்கள். ‘நெஞ்சுச் சளி’ என்று சொல்லி ஊரை நம்ப வைக்கிறார்கள். மறைத்த மாதங்களிலேயே பரவுதல் நிகழ்கிறது என்பதைச் சேத்துப்பட்டு கூறி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. இன்னொரு பக்கம், நோய் வெளிப்பட்டவுடன் தனித்தட்டு, தனிக்குவளை, தனிப்பாய் என்று நோயாளியை விலக்கி வைக்கும் வீடுகளும் உள்ளன. தட்டினாலும் குவளையாலும் இக்கிருமி பரவுவதில்லை. அது காற்று வழியே, இருமலில் தெறிக்கும் நுண்துளிகளால் பரவுவது. முதல் சில வாரங்கள் இருமும்போது வாயைத் துணியால் மூடிக்கொள்வதும், சன்னல்களைத் திறந்து வைப்பதும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ளிட்ட குடும்பத்தார் அனைவரையும் சோதனைக்கு அழைத்துச் சென்று, நோய் இல்லையெனில் தடுப்பு மருந்து பெறுவதுமே செய்ய வேண்டியவை. சோதனையும் மருந்தும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சோறு, வழக்கம்போல, எல்லார்க்கும் வைக்கும் பந்தியிலேயே வைக்கலாம்.